நீலப் பெண்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

மாட்டுங்கா, மும்பை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் மின்னஞ்சலும், அதனுடன் நீ அனுப்பிய மூன்று அச்சுப் படங்களும் கிடைத்தன. வேப்பிலை, வளையல், தாலி என்று பெண்களின் அடையாளங்களை வைத்து நீ செய்துவரும் அந்த வரிசையைப் பார்த்த உன் ஆசிரியர், ஊர் அடையாளங்களின் பின்னால் நீ ஒளிந்துகொள்வதாகச் சொன்னாரென்றும், ஆகவே அவை அனைத்தையும் எடுத்துவிட்டு வெறும் வடிவங்களை மட்டும் அச்சிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். அப்படிச் செய்வதற்கு முன், இந்த மும்பையில் பிறந்து, நீ படிக்கும் நியூ ஜெர்சியிலேயே குடியேறிவிட்ட ஓவியர் சியோனா பெஞ்சமினின் படங்களை ஒருமுறை நிதானமாகப் பார்.

அவர் பெனே இஸ்ரவேல் சமூகத்து யூதப் பெண். கொங்கணக் கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைந்தபோது கரை சேர்ந்த ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே தங்கள் முன்னோர் என்பது அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவது. செக்காட்டிப் பிழைத்த அவர்கள் தங்கள் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் செக்கைத் தொடாததால், ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். நான் மை வாங்கப் போகும் மஸ்ஜித் பந்தர் பக்கத்தில் 1796இல் அவர்கள் நிறுவிய தொழுகைக் கூடம் இன்றும் உண்டு. 'மஸ்ஜித்' என்றால் தொழுமிடம்; அங்குள்ள மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அந்தக் கூடத்தால்தான் என்று சொல்வாரும் உளர். 1940களின் இறுதியில் சுமார் 20,000 பேராக இருந்தவர்களில் பெரும்பாலோர், 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு அங்கே போய்விட்டார்கள். எஞ்சிய சிறுபான்மையில் ஒரு பெண், கத்தோலிக்கப் பள்ளியிலும் பார்சிப் பள்ளியிலும் படித்து, ஜே.ஜே. ஓவியக் கல்லூரிக்குப் போய், பிறகு அமெரிக்காவில் ஓவியத்தோடு மேடை அரங்க வடிவமைப்பையும் கற்றார் என்றால், அவருடைய படங்களில் எத்தனை உலகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதை நீயே ஊகித்துக்கொள்ளலாம்.

1990களில் அவர் தொடங்கிய 'வீட்டைத் தேடி' என்னும் நீண்ட வரிசையின் பெண்கள் நீலத் தோல் உடையவர்கள். கண்ணனையும் காளியையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நீலம் உடனே பிடிபட்டுவிடுகிறது; ஆனால் நாம் நினைப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. யூதர் என்றாலே வெள்ளைத் தோல் என்று எண்ணும் ஊரில், மாநிறத்து யூதப் பெண்ணாக வாழ்வதன் நிறமும் அதுவே. யூதர்களின் தொழுகைச் சால்வைக் குஞ்சத்தில் ஒரு நீல இழை இருக்க வேண்டும் என்று அவர்களுடைய வேதம் விதித்திருப்பதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன்; அது என் பார்வை. 2000ஆம் ஆண்டு வரைந்த ஒரு படத்தில், நம் தேவியரைப் போலப் பல கைகள் கொண்ட பெண் ஒருத்தியின் கைகளே மெனோரா என்னும் யூதர்களின் ஏழு கிளை விளக்கின் கிளைகளாகின்றன. அவள் கையில் விளக்கு இல்லை, அவளே விளக்கு. உலகைச் சீர்செய்வது மனிதரின் கடமை என்னும் யூதக் கருத்தே அந்தப் படத்தின் தலைப்பு.

லிலித்தின் படத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். ஆதாமைப் போலவே மண்ணிலிருந்து படைக்கப்பட்டவள், அவனுக்குக் கீழ்ப்பட மறுத்து ஏதேனை விட்டுப் பறந்துபோனாள் என்று இடைக்கால யூதக் கதை ஒன்று சொல்கிறது. அவளைப் பிள்ளை தின்னும் பேயாக்கி, பேறுகால அறைகளில் அவளை விரட்டத் தாயத்து மாட்டினார்கள். 1970களில் யூதப் பெண்ணியவாதிகள் அவளைத் தங்களவளாக மீட்டுக்கொண்டார்கள். சியோனா அவளைச் சித்திரக்கதைப் பாணியில் வரைந்து, அவள் வாயருகே ஒரு பேச்சுக் குமிழை வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகளாக அவளைப் பற்றி மற்றவர்களே பேசிவந்த நிலையில், அந்தக் குமிழ் வேடிக்கைக்காக வைத்தது அல்ல. ஆபிரகாமின் மனைவி சாராளும், அவருக்குப் பிள்ளை பெற்ற பணிப்பெண் ஆகாரும் தழுவிக்கொள்ளும் படமும் அத்தகையதே: யூதமும் இஸ்லாமும் தத்தம் தாயாகக் கொண்டாடும், கதையில் பிரிந்தே போன இருவர் அவர்கள்.

எல்லாப் படங்களும் எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் குறிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது. ஆனால் நன்றாக அமைந்த படங்களில் ஒவ்வொரு குறியும் ஒரு வேலை செய்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகை அச்சிட்டவன் என்ற முறையில் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்; நாங்கள் மூலையில் போடும் பிள்ளையாரை அழித்துவிட்டாலும் முகூர்த்தம் மாறாது, சியோனாவின் அந்த விளக்குப் பெண்ணின் கைகளை எடுத்துவிட்டால் படமே இல்லை.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தின் நான்கு மூலையிலும் நீ வைத்திருக்கும் வேப்பிலை, என் பத்திரிகைப் பிள்ளையார்தான். அதைத் தாராளமாக எடுத்துவிடு, உன் ஆசிரியர் சொன்னது அங்கே சரி. வளையல் படத்தில் இரண்டாம் வண்ணத்தின் ரெஜிஸ்ட்ரேஷன் விலகி, முதல் வண்ணத்தோடு பொருந்தாமல் இருக்கிறது; அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு யோசி. ஆனால் மூன்றாவதில், கழுத்திலிருந்து இறங்கும் தாலிக்கயிறு அப்படியே நீண்டு கிணற்றுக் கயிறாகி, கீழே வாளியில் முடிகிறதே, அதை வெறும் கோடாக்கிவிட்டால் நீ சொல்ல வந்தது எதுவும் மிஞ்சாது. அதில் கைவைக்காதே.

தங்க நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். நாங்கள் ஸ்கிரீன் அச்சில் இழுத்த தங்க மையெல்லாம் பித்தளைப் பொடி. சில ஆண்டுகளில் கறுத்துவிடும், பத்திரிகைக்கு அது போதும். சியோனா குவாஷ் என்னும் அடர்ந்த நீர்வண்ணத்தோடு உண்மையான தங்கத் தகட்டைப் பயன்படுத்துகிறார், அது கறுக்காது. வாளியின் விளிம்புக்கு மட்டும் தகடு ஒட்டுவதாக இருந்தால் செலவு அதிகம் ஆகாது, பணம் அனுப்புகிறேன். மற்ற வண்ணங்களை எல்லாம் இழுத்து, மை நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டு. ஈரம் இருந்தால் வேண்டாத இடத்திலும் தகடு பிடித்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு அந்தத் தாலிப் படம் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். அதை நான் எழுதினால் சரிவராது, ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அவளிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா