நாவல் எழுதிய ஜூனியருக்கு

அன்புள்ள ஜூனியர்,

உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். சித்தப்பாதான் போதைக் கும்பலின் தலைவர் என்பது நான்காம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. சாவு வீட்டில் எல்லாரும் கதறும்போது ஒருவர் மட்டும் நிதானமாகப் பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தால், மாத நாவல் படித்து வளர்ந்த என் தலைமுறை அவரைத்தான் சந்தேகிக்கும். போகட்டும், என் குறை அதைப் பற்றியது இல்லை. தம்பியை ஊசிப் போதைக்குப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தை இருபதாம் பக்கத்தில் விட்டுவிட்டுக் கோடவுன்களுக்குப் பின்னால் ஓடியிருக்கிறாய். இப்படிக் கதை எழுதுகிற வேறு சிலரும் இதே இடத்தில் சறுக்குவதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் சில்லறைக் கணக்கு. 300 கிராம் கஞ்சாவுடன் பிடிபட்டவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கிறாய். என் அலுவலகத்தில் இருந்த காலத்தில் நீ பாகப்பிரிவினை வழக்குகளையே பார்த்தாய், ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். 2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது தராசை வைத்துத் தண்டிக்கிற சட்டம். கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, 20 ஆண்டு வரை போகலாம். ஹெராயினுக்கு இந்த இரண்டு எல்லைகளும் 5 கிராம், 250 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். வணிக அளவில் சிக்கியவனுக்கு ஜாமீன் வேண்டுமானால், அவன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். 37-ஆம் பிரிவு அவ்வளவு கடுமையானது.

ஆகவே 20 கிலோ 300 கிராமா, 19 கிலோ 800 கிராமா என்பதில் ஒருவனுடைய பத்து ஆண்டுகள் தொங்குகின்றன. அதிலும் சட்டத்தின் வரையறைப்படி, கஞ்சா என்றால் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதிதான். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. “மூட்டையில் எது எவ்வளவு என்று பிரித்து எடை போட்டீர்களா?” என்று நான் கேட்கும்போது, கூண்டில் நிற்கிற உதவி ஆய்வாளரின் முகம் எப்படி மாறும் என்பதை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த நாட்களில் பார்த்திருப்பாய். அந்த முகத்தில் இருந்த சஸ்பென்ஸில் கால் பங்குகூட உன் துரத்தல் காட்சியில் இல்லை.

அடுத்தது இருபத்தெட்டாம் அத்தியாயம். கொட்டுகிற மழையில் ஆய்வாளர் சித்தப்பாவை உட்கார வைத்து வாக்குமூலம் வாங்குகிறார், வழக்கு முடிந்துவிடுகிறது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பது சட்டக் கல்லூரிப் பாடம். மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கலாமா என்ற கேள்விதான் நெடுங்காலம் இழுபட்டது. சென்னையில் 2004-இல் ஹெராயின் பிடிபட்டதிலிருந்து கிளம்பிய தூஃபான் சிங் வழக்கில், 2020 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கூடாது என்றது. நீ ‘முற்றும்’ போட்ட இடத்தில்தான் எதிரித்தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வக்கீலுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

இந்த வழக்குகளில் மனிதர்களைவிடப் பொருளுக்குத்தான் பெரிய பாத்திரம். எங்கே பிடிபட்டது, பறிமுதல் பத்திரமான மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் அந்தத் தெருக்காரர்களா அல்லது ஏற்கெனவே நாலு வழக்கில் கையெழுத்துப் போட்டவர்களா, யாருடைய முத்திரை, கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-உடன் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்தது, இடைப்பட்ட நாட்களில் யார் அறையில் கிடந்தது? இந்தக் கேள்விகளில் ஒன்று சறுக்கினாலும் வழக்கு சாய்ந்துவிடும். சென்னையில் 2020-இல் கைப்பற்றிய சுமார் 22 கிலோ கஞ்சாவை நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் போனபோது, எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பு சொன்னது. 2023-இல் அந்த வழக்கில் கைதான இருவரும் விடுதலையானார்கள். இதை நீ கற்பனையாக எழுதியிருந்தால் எந்தப் பதிப்பாளரும் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

இப்போது உண்மையான குறைக்கு வருகிறேன்.

உன் கதையில் தம்பி, வலி நிவாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு இறக்கிறான். சரியாகத்தான் எடுத்திருக்கிறாய், தமிழ்நாட்டில் டாபென்டடால் மாத்திரை அட்டைகள் இப்படித்தான் பையன்களின் கைகளில் புழங்குகின்றன. ஆனால் அந்த மாத்திரை பல ஆண்டுகளாகப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலுக்கு வெளியே இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட மாத்திரையை விற்றவன் பிடிபட்டால், மருந்துகள் சட்டத்தையும், விஷப் பொருள் கொடுத்துத் தீங்கு விளைவித்தல் என்ற தண்டனைச் சட்டப் பிரிவையும் தேடிப் போக வேண்டும். நீ ‘போதை மாஃபியா’ என்று எழுதுகிற இடத்தில், காகிதத்தில் இருப்பது உரிமம் இல்லாமல் மருந்து விற்ற வழக்கு.

தம்பியின் மரணமோ உள்ளூர்க் காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று பதிவாகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இறுதிக் கருத்தைச் சொல்லாமல் நிறுத்திவைப்பார். உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அவனுக்கு விற்றவன் வேறொரு நாளில், வேறொரு தெருவில், வேறு பத்து அட்டைகளோடு பிடிபடுவான். அது தனிக் கோப்பு, தனிக் குற்ற எண். அதில் உன் கதைத் தம்பியின் பெயர் ஒரு வரியில்கூட இருக்காது. வைத்திருந்ததும் விற்றதும்தான் அங்கே குற்றம். அதைப் போட்டு யார் செத்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெற்ற தாய் அந்த வழக்கில் சாட்சியும் கிடையாது, மனுதாரரும் கிடையாது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பொதுமக்களில் ஒருத்தி.

எதிரித்தரப்புக்கு நின்று நின்றே எனக்குத் தலை நரைத்தது. அந்தப் பின்வரிசைப் பெண்களில் யார் என் கட்சிக்காரனின் தாய், யார் வேறொருவனின் தாய் என்று முகத்தை வைத்துச் சொல்லத் தெரியாது. இருவருமே அடுத்த வாய்தா எப்போது என்றுதான் கேட்பார்கள்.

உன் நாவல் இங்கேதான் நடக்க வேண்டும். மரணக் கோப்பு ஒரு ஊரில், பறிமுதல் கோப்பு இன்னொரு ஊரில். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஒரு அக்கா அலைகிறாள். நீ சித்தப்பாவை உள்ளே நுழைத்து அந்த இடைவெளியை ஒரே நொடியில் அடைத்துவிட்டாய். வில்லன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் இரண்டு கோப்பும் தானாகவே ஒன்றாகிவிடும்; அவளுக்கு வேலையே இல்லை. சித்தப்பாவை விடுதலை செய். பந்தல் செலவைப் பார்த்துக்கொண்ட நல்ல மனிதராகவே அவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

எப்படி இணைப்பது என்று கேட்பாய். மாத்திரை அட்டையின் பின்புறம் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அச்சாகியிருக்கும். தம்பியிடம் இருந்த அட்டையின் எண்ணும், விற்றவனிடம் பிடித்த அட்டைகளின் எண்ணும் ஒன்றாக இருந்தால், முதன்முறையாக இரண்டு கோப்புகளுக்கும் இடையில் ஒரு நூல் ஓடும். அது மட்டும் போதாது, நானே எதிரில் நின்றால் அந்த நூலை அறுக்கப் பத்துக் கேள்வி கேட்பேன். ஆனாலும் அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். அந்த அட்டை எங்கே?

இதற்குப் பதில் உன்னிடமே இருக்கிறது, பதினேழாம் அத்தியாயத்தில். நாவலிலேயே நான் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படித்த அத்தியாயம் அது. மகன் உயிரோடு இருந்த நாட்களில் துணி துவைக்கிற அம்மா, அவன் சட்டைப்பையில் இருந்து சிறிய ஊசி மூடி ஒன்றை எடுக்கிறாள், பார்க்கிறாள், திரும்பவும் அதே பையில் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுக்கிறாள். அதன் பிறகு பதினோரு அத்தியாயங்களில் அவளுக்கு ஒரு வசனம்கூட நீ தரவில்லை! அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது, பிறகு என்ன செய்தாள்? வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டவனைச் சாப்பிட வா என்று மட்டும் கூப்பிட்டாளே, எதற்காக? அவனை ஆம்புலன்ஸ் எடுத்துப் போன பிறகு அவன் அறையில் கிடந்த அட்டையையும் ஊசியையும் போலீஸ் வருவதற்குள் அவளே அடுப்பில் போட்டிருந்தால்? அக்கா தேடுகிற ஒரே தடயத்தை அழித்தவள் அதே வீட்டில் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவையும் பார். எஸ்.ஐ. வந்து “பையனுக்கு ஏதாவது பழக்கம் உண்டா?” என்று கேட்டவுடன், “எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது சார், நெஞ்சு வலிக்கிறது என்றான்” என்று எழுதிக் கொடுப்பார். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உடல் சீக்கிரம் கைக்கு வர வேண்டும். சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நம் பத்திரிகைகளில் எத்தனை மரணங்கள் ‘தீராத வயிற்று வலி’யால் நிகழ்கின்றன என்று உனக்குத் தெரியாதா? அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஆய்வக அறிக்கை வேறு ஒன்றைச் சொல்லும்போது, விற்றவனுக்காக வாதாடுகிற வக்கீல் முதலில் எடுத்துக் காட்டப்போவது அப்பாவின் கையெழுத்தைத்தான்.

இன்னும் இரண்டு பேரை ஆறாம் அத்தியாயத்தோடு தொலைத்துவிட்டாய். அன்றிரவு கூட இருந்த நண்பர்கள். இவ்வகை மருந்து அளவு மீறினால் மூச்சுதான் மெல்ல மெல்லக் குறையும். கனத்த குறட்டைச் சத்தம் கேட்கும். பார்ப்பவர்கள் அசந்து தூங்குகிறான் என்று நினைப்பார்கள். நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு போனால் மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்ற வழி இருக்கிறது. நாலோக்சோன் என்ற முறிவு மருந்தும் இருக்கிறது. அந்த இரண்டு பையன்களும் ஏன் ஆட்டோ பிடிக்கவில்லை? போதைப்பொருளை உட்கொள்வதே போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் குற்றம் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். இந்த மாத்திரைக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று நானும் நீயும் விவாதிக்கலாம். பதினெட்டு வயதுப் பயம் விவாதிக்காது. தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தர அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. அதை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. குறட்டை நின்றதற்கும் அவர்கள் கதவைத் தட்டியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை வாசகருக்குக் கடைசிவரை சொல்லாமல் வைத்திரு.

உன் கதை அக்கா தனி ஆளாகத் துப்பாக்கி தூக்குகிறாள். அதை மாற்றச் சொன்னால் முகம் சுளிப்பாய் என்பதால் ஒரு நிஜக் கதை சொல்கிறேன். ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா கடற்கரை. சிகரெட் கடத்திப் பழகிய குடும்பங்கள் 1980-களில் கொக்கெய்னுக்கு மாறின. அதே ஆண்டுகளில் தெருக்களில் ஹெராயின் பரவிப் பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள். வீகோ நகரத்தின் தாய்மார்கள் எர்கெட்டே என்ற சங்கத்தை அமைத்தார்கள். கார்மென் அவெண்டான்யோ அதன் முகமாக இருந்தார். எந்தெந்த மதுக்கடைகளில் விற்கிறார்கள் என்று அவர்களே பட்டியல் எடுத்து வெளியிட்டார்கள். 1990 ஜூனில் நீதிபதி பல்தசார் கார்ஸோன் தலைமையில் பெரும் சோதனை நடந்தது, பலர் கைதானார்கள். வழக்கு முடிந்தபோது முக்கியப் புள்ளிகள் சிலர் போதைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிவிட்டார்கள். தாய்மார்கள் அதற்காக வீட்டுக்குப் போய்விடவில்லை. கடத்தல்காரர் ஒருவருக்குச் சொந்தமான பாஸோ பயோன் என்ற திராட்சைத் தோட்ட மாளிகையின் இரும்புக் கதவைக் கையால் பிடித்து உலுக்கினார்கள். அரசு அந்த மாளிகையைப் பறிமுதல் செய்து, 2008-இல் ஒயின் தயாரிக்கும் கூட்டுறவு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது.

இதை அப்படியே தூக்கி நம் ஊரில் வைக்கச் சொல்லவில்லை, வைத்தால் ஒட்டாது. அங்கே அவர்கள் முதலில் செய்தது, “என் பிள்ளைக்குப் பழக்கம் இருந்தது” என்று தெருவில் நின்று உரக்கச் சொன்னது. உன் கதை அம்மா அதைச் சொல்வாளா, சொன்னால் யாரிடம், அப்பா எழுதிக் கொடுத்த பொய்க்கு எதிராகவா? இதைத் தீர்மானித்துவிட்டு எழுத உட்கார். துப்பாக்கி தானாகவே கழன்றுவிடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிறப்பு நீதிமன்றத்தில் ஆய்வக நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்கிறேன். கறுப்புக் கோட்டு வேண்டாம்; பின்வரிசையில் இடம் பிடித்து உட்கார், குறிப்பெடு. பத்தரைக்கு என்று போட்டிருந்தாலும் நம் வழக்கை அழைக்கப் பிற்பகல் ஆகிவிடலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு வா.

உன்,
சீனியர்