28 டாலர் 12½ சென்ட் வீடு

பாஸ்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மார்ச் முடியப்போகிறது, குளிர் விடுகிற பாடில்லை. அம்மா அனுப்பிய பொடி வகைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன.

சாயங்காலம் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, பக்கத்து நூலகத்தில் கட்டுரை வாசிக்கிற கூட்டத்துக்குப் போகிறேன். காபியும் தருகிறார்கள், சுமார்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்த முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இவர்கள் கட்டுரையில் கிடையாது. சொந்தக் கதை போல ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது. நீங்கள் திருத்தினால் பாதிப் பேர் தேற மாட்டார்கள்.

முதலில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. வரி கட்டாமல் ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்துவிட்டு, அதை வைத்து 1849-இல் காந்தி பிற்பாடு படித்த கட்டுரையை எழுதினாரே, அவர்தான். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தனியாகக் குடியேறி, இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் உபதேசம் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. ஆனால் வீடு கட்டிய கணக்கு எழுதியிருக்கிறார் பாருங்கள்! பலகை 8 டாலர் 3½ சென்ட், ஆணி 3 டாலர் 90, சாக்பீஸ் 1 சென்ட். மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் வீடு கட்டிய கணக்கு எழுதிய உங்கள் சிவப்பு அட்டை நோட்டும் சித்தாளுக்கு டீ வாங்கிய காசும்தான் கண்ணுக்குள் நின்றன. நீங்கள் வாத்தியார், சாக்பீஸுக்குக் காசு கொடுத்திருக்க மாட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளம் இருக்கிற கான்கார்டுக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். 10 அடிக்கு 15 அடி வீடு. அதே அளவில் ஒரு மாதிரியைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நடுக்காடு என்று நினைத்துப் போனால், ஊர் ஒன்றரை மைல்தான், தண்டவாளம் குளத்தை ஒட்டியே போகிறது.

போன வாரம் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளரின் கட்டுரை. 1943-இல் அவருடைய தந்தை இறந்த அன்றே வீட்டில் கடைசிக் குழந்தை பிறக்கிறது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமில் கலவரம் வேறு. உடைந்து கிடக்கும் கடைக் கண்ணாடிகளுக்கு நடுவே உடலை இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பாவை வெறுத்த மகன் என்று ஒருவர் சொன்னார். ஓய்வுபெற்ற கறுப்பின அம்மா ஒருவர், "திரும்பப் படியுங்கள்" என்று சொல்லி ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்தார். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. தந்தை போன பிறகுதான், அவரிடம் தான் பேசியதே இல்லை போலிருக்கிறதே என்று பால்ட்வினுக்கு உறைக்கிறது. இரண்டு பேருக்கும் பிடிவாதம். வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

அந்தச் சிவப்பு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறதா? அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடப் போகிறாள். யாரிடம் கடன் வாங்கினீர்கள், அதையும் எழுதியிருக்கிறீர்களா? தம்பியிடம் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகள்