உறையும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில், ஜனாதிபதிகளாக இருந்த ஜெபர்சன், ஆடம்ஸ் காலத்து அமெரிக்கக் கனவான்களின் கடிதங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே ஓர் ஓவியம்: மேசைமேல் மைக்கூடு, இறகுப் பேனா, பக்கத்தில் ஸ்டாம்பு ஒட்டிய கவர். அந்த நாட்டில் அரசுத் தபால்தலை வந்ததே 1847-ல்தான். ஜெபர்சனும் ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் இறந்துபோனார்கள். கவரும் அப்போது வழக்கத்தில் இல்லை. ஓவியரை விட்டுவிடலாம். 'அந்தக் காலத்தில் நேரம் நிறைய இருந்தது, அதனால் நீட்டி நீட்டி எழுதினார்கள்' என்று கட்டுரையாளர் முடித்திருப்பதைத்தான் விட மனம் வரவில்லை. நீட்டி எழுதியதற்குத் தபால் கட்டணமே பெரிய காரணம்.

1792-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடிதத்தின் எடைக்குக் கட்டணம் இல்லை. எத்தனை தாள், எத்தனை மைல் என்பதுதான் கணக்கு. ஒரு தாளுக்கு 30 மைல் வரை 6 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட், நடுவில் ஏழு படிகள். இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு, மூன்று என்றால் மூன்று மடங்கு. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாலும் அதுவும் ஒரு தாள்தான். கவர் போட்டால் கவரும் ஒரு தாள். காலி உறைக்கு யார் காசு கொடுப்பார்? எடைக் கணக்கு 1845-ல் வந்த பிறகுதான் கவர் பரவியது.

இன்னொன்று, பணம் கட்டுபவர் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர். ஒரே தாளில் நான்கு வரி எழுதினாலும் நூறு வரி எழுதினாலும் அவருக்கு அதே செலவு. கால் டாலர் கொடுத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 'நலம், நலமறிய ஆவல்' மட்டும் இருந்தால் எப்படி இருக்கும்? தாளை நிரப்புவது மரியாதை. இரண்டாவது தாளுக்குப் போவது அடுத்தவர் பையில் கைவைப்பது. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே ஓடிய வியாபாரக் கடிதங்களின் முகப்பில் 12½ என்று மையால் எழுதியிருப்பதைக் காணலாம். அரை சென்ட் ஏன் என்றால், மக்கள் கையில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி நாணயம். அந்த டாலரில் எட்டில் ஒரு பங்கு பன்னிரண்டரை சென்ட்.

இனி அந்தத் தாள். பெரிய தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். முதல் மூன்றில் விஷயம், நான்காவதன் நடுவில் முகவரி. முகவரிக்கு மேலும் கீழும் உள்ள பகுதி மடிப்புக்குள் போய்விடும் என்பதால் சிக்கனக்காரர்கள் அங்கேயும் எழுதினார்கள். எழுதி முடித்ததும் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, மேலும் கீழுமாக மடக்கி, ஒரு முனையை மற்றதற்குள் செருகி, சேரும் இடத்தில் முத்திரை வைப்பார்கள். அவசரத்துக்கு வேஃபர் என்ற மாவு வில்லை: நாக்கில் நனைத்து, இடுக்கில் வைத்து அழுத்தினால் போதும். மரியாதைப்பட்டவருக்கு அரக்கு. எச்சில் பட்ட வில்லையைப் பெரியவர்களுக்கு அனுப்புவது அவ்வளவு நாகரிகமில்லை என்று நினைத்தவர்கள் உண்டு.

சிக்கல் பிரிக்கும்போதுதான். முத்திரை ஒட்டிய இடத்துத் தாள் கிழிந்துகொண்டு வரும். அனுபவசாலி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் அந்த அளவுக்கு இடம் விட்டே எழுதுவார். விடாதவரின் கடிதத்தில் இரண்டு மூன்று வார்த்தைகள் காணாமல் போகும். அச்சிட்ட கடிதத் தொகுப்புகளில் பதிப்பாசிரியர் அடைப்புக்குறிக்குள் ஊகித்துப் போட்ட சொற்களில் பல இப்படித் தொலைந்தவை.

மையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும் சரக்குதான்: மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசின். பழைய குறிப்புகளில் அடிக்கடி வரும் விகிதம் எடையில் 3:2:1. மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டி, அதில் அன்னபேதியைக் கரைத்துப் பிசினைச் சேர்ப்பார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்ட பிறகே கறுக்கும். பிசின் குறைந்தால் மை படரும், அடியில் வண்டல் தங்கும். கூடினால் பேனாவில் இறங்காது. அன்னபேதி மிஞ்சினால் எழுத்து பழுப்பேறும், நாளடைவில் தாளையே அரித்துவிடும்.

நகல் வைப்பதுதான் அன்றாடத் தலைவலி. வியாபாரியிடம் குமாஸ்தா இருந்தால், கடிதப் பேரேட்டில் ஒவ்வொன்றையும் கையால் பெயர்த்து எழுதுவார். ஜேம்ஸ் வாட் 1780-ல் காப்புரிமை பெற்ற நகல் அச்சு இன்னொரு வழி. எழுதிய தாள்மேல் ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை கொஞ்சம் ஏறிக்கொள்ளும். எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழும், அதனால் மெல்லிய தாளைத் திருப்பிப் பின்பக்கமாகப் படிக்க வேண்டும். ஈரம் கூடினால் மூலமும் கலங்கும், குறைந்தால் நகல் தேறாது. எழுதிய மை பழசாகிவிட்டாலும் ஏறாது. ஜெபர்சன் 1804 முதல் பாலிகிராஃப் என்ற கருவிக்கு மாறினார். இரண்டு பேனாக்களை மரச்சட்டங்களால் பிணைத்த பொறி அது. ஒன்றை எழுதினால் மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். இரு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் நகலில் பாதி எழுத்து விழாது, அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர் எழுதியவை சுமார் 19,000 கடிதங்கள் என்பதை நினைத்தால் அந்தப் பாடு வீணில்லை.

வியாபாரக் கடிதங்கள் 'தங்களது இம்மாதம் 10-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது' என்று தொடங்குவதைக் கட்டுரையாளர் வறட்டுச் சம்பிரதாயம் என்கிறார். அது ரசீது ஐயா. எதிர்ப்பக்கம் தன் பேரேட்டைப் புரட்டி, நடுவில் எந்தக் கடிதம் தொலைந்தது என்று கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். கடல் கடந்து போவதானால் ஒரே கடிதத்தின் பிரதிகள் வெவ்வேறு கப்பல்களில் போகும். உண்டியலும், அதாவது இன்னாருக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் வணிகச் சீட்டும், முதல், இரண்டு, மூன்று எனத் தொகுதியாக எழுதப்படும். ஒன்றுக்குப் பணம் கொடுத்தால் மற்றவை செல்லாது என்று அதிலேயே இருக்கும். ரூபாய் நோட்டுபோல வங்கி நோட்டை அனுப்ப நேர்ந்தால் இரண்டாக வெட்டி, முதல் பாதி சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள்.

முடிவில் வரும் 'தங்கள் மிகப் பணிவான ஊழியன்' என்பதிலிருந்து பாசத்தையோ பணிவையோ அளக்கக் கூடாது. 1804 ஜூனில் அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர்ரும் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனும் ஒருவரையொருவர் மானப் பிரச்சினைக்கு இழுத்த கடிதங்களிலும் அதே வாசகம்தான். அடுத்த மாதம் 11-ஆம் தேதி இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் மோதியதில் பர் சுட்ட குண்டு பட்டு, மறுநாள் ஹாமில்டன் செத்தார்.

கடைசியாக, வெட்டிப்பேச்சுக்குச் சான்றாகக் கட்டுரை காட்டும் 1812 ஜனவரி 21 கடிதம். பல ஆண்டு மனத்தாங்கலுக்குப் பிறகு ஆடம்ஸ் எழுதியதற்கு ஜெபர்சன் எழுதிய பதில் அது. நூற்பு, நெசவு என்று ஏன் அளக்கிறார் என்று கட்டுரையாளர் வியக்கிறார். முன்னாள் ஜனாதிபதிகள் என்பதால் இந்த இருவருக்கும் தபால் இலவசம், ஆகவே கட்டணக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் காரணம் வேறு இருக்கிறது. உள்ளூரில் நெய்த இரண்டு துணித் துண்டுகளைத் தபாலில் அனுப்புகிறேன் என்று ஆடம்ஸ் ஜனவரி 1 அன்று விளையாட்டாக எழுதியிருந்தார். அவர் சொன்னது தம் மகன் ஜான் குவின்சியின் சொற்பொழிவு நூல், இரண்டு தொகுதி. கடிதம் முதலில் வந்தது, பொட்டலம் வரவில்லை. துணிதான் வருகிறது என்று நம்பிய ஜெபர்சன், வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்கிறார்கள் என்று விலாவாரியாக எழுதி அனுப்பிவிட்டார். புத்தகம் அதற்குப் பிறகே கைக்கு வந்தது. 23-ஆம் தேதி அதற்குத் தனியாக இன்னொரு கடிதம் எழுதினார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்