இதை ஆயிரமாண்டு மதப்பகை என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசா பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். அன்றாட நிகழ்வுகளைத் தவறாமல் தருகிறீர்கள். ஆனால் பின்னணி என்று வரும்போது, யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பல ஆயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் மதப்பகை என்ற ஒரே வரியோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறீர்கள். தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்ஆப் பகிர்வுகளிலும் இதே பேச்சுதான். பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். இஸ்லாம் தோன்றியே 1400 ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த இஸ்ரேல்–பாலஸ்தீனப் பூசலின் வயதோ நூற்றுச் சொச்சம் ஆண்டுகள். எந்த ஆண்டில் யார் எடுத்த முடிவு இதை எந்தப் பக்கம் திருப்பியது என்பதற்கெல்லாம் ஆவணங்கள் இருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிவிட்டால், அந்த முடிவுகளை எடுத்தவர்கள் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

1517 முதல் 1917 வரை நானூறு ஆண்டுகள் பாலஸ்தீனம் என்ற அந்த நிலம் துருக்கியரின் உதுமானியப் பேரரசின் கீழ் இருந்தது. எருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியா ஆகிய ஊர்களில் யூதர்கள், முஸ்லிம்களோடும் கிறிஸ்தவர்களோடும் வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் சம உரிமையோடு வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நாடு யாருக்குரியது என்ற சண்டை அப்போது எழவில்லை. அந்தக் கேள்வி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது அடுத்தடுத்து நடந்த படுகொலைகளும், மேற்கு ஐரோப்பாவிலும் அடங்காத யூத வெறுப்பும், தமக்கென ஒரு நாடு இருந்தாலன்றி உயிர் தப்ப முடியாது என்ற முடிவுக்கு அவர்களில் ஒரு பகுதியினரைத் தள்ளின. 1897இல் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் கூட்டிய முதல் சியோனிச (யூதத் தாயக இயக்க) மாநாடு அந்த முடிவின் விளைவு. 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவளிப்பதாக எழுதிக் கொடுத்தார். அன்று அங்கே வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரபு மக்கள். அந்தக் கடிதமோ அவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடாமல், யூதரல்லாத சமூகங்கள் என்று பொதுவாகக் குறித்து, அவர்களுடைய குடிமை உரிமையையும் மத உரிமையையும் காப்பதாக மட்டும் சொன்னது. அவர்களுடைய அரசியல் உரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதன்பின் நடந்தவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1922இல் மக்கள்தொகையில் சுமார் 11 விழுக்காடாக இருந்த யூதர்கள், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களும் சேர்ந்து 1947இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக ஆனார்கள். மற்ற நாடுகள் கதவடைத்திருந்த வேளையில், 1939இல், பாலஸ்தீனத்தை அப்போது ஆண்டுவந்த பிரிட்டன் ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 பேர் மட்டுமே வரலாம் என்று வரம்பு கட்டியது. போக இடமில்லாமல் வந்தவரின் அச்சம், சொந்த ஊரில் தாம் சிறுபான்மையாகிவிடுவோமோ என்று பார்த்திருந்தவரின் அச்சம் ஆகிய இரண்டுமே உண்மையானவை. 1929இல் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் பல யூதக் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துவைத்துக் காப்பாற்றியவர்களும் அவ்வூர் அரபு மக்களே.

காசாவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரை மட்டும் உற்றுப் பார்த்தாலே முழுச் சிக்கலும் விளங்கும் என்று கருதுகிறேன். காசா நகருக்கு வடகிழக்கே நஜ்து என்ற சிறிய அரபுக் கிராமம் இருந்தது. சுமார் 600 பேர் வாழ்ந்தார்கள். 1948 மே மாதம், இஸ்ரேல் உருவானதாக அறிவிக்கப்படுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் யூதப் படையினரால் அவர்கள் வெளியேற்றப்பட்டுக் காசாவுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டுப் போரில் இப்படி வீடிழந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். சுமார் 80,000 பேர் வாழ்ந்த காசாப் பகுதிக்குள் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். வீடு திரும்ப விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 194ஆம் தீர்மானம் அதே ஆண்டு டிசம்பரில் கூறியது. ஆனால் 1950இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம், போனவர்களின் நிலத்தையும் வீட்டையும் வராதோர் சொத்து என்று வகைப்படுத்தி அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

1951இல் நஜ்து இருந்த இடத்தையொட்டி ஸ்டெரோட் என்ற ஊர் எழுந்தது. அங்கே முதலில் குடியேற்றப்பட்டவர்கள் ஈரானிலிருந்தும், ஈராக்கின் வடபகுதி உள்ளிட்ட குர்திஸ்தானிலிருந்தும் வந்த யூதர்கள். பின்னர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள். இவர்களும் வேரோடு பெயர்க்கப்பட்டவர்களே. 1950–51இல் ஈராக்கை விட்டுப் புறப்பட்ட 1.2 லட்சம் யூதர்களின் சொத்தை அந்நாட்டு அரசு முடக்கிவிட்டது. ஒருவர் இழந்த நிலத்தில், வேறோரிடத்தில் அதே போல இழந்த இன்னொருவர் வந்து அமர்ந்தார். 2001 முதல் காசாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகள் இந்த ஊர் மீது விழுந்தன. அபாயச் சங்கு ஒலித்தபின் பதுங்கிடத்துக்குள் ஓட அங்குள்ளவர்களுக்குக் கிடைத்தவை 15 விநாடிகள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆயுதக் குழுவினர் அவ்வூருக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 1200 பேர். பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுமார் 250 பேர். அதற்குப்பின் இஸ்ரேல் நடத்திய போரில் குழந்தைகள் உட்படப் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் மடிந்தார்கள்; காசாவின் ஊர்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. பண்டைய பகை ஒன்றைக் காட்டி இந்த வரிசையில் எதையும் விளக்கிவிட முடியாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்தவும் முடியாது.

மதத்துக்கு இதில் பங்கே இல்லையென்று நான் சொல்லவில்லை. 1988இல் வெளியான ஹமாஸ் சாசனம் மதத்தின் மொழியில்தான் பேசியது. 1994இல் ஹெப்ரான் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்ற யூதரும், மறு ஆண்டு இஸ்ரேல் பிரதமர் ரபினைக் கொன்ற யூதரும் தம் மதத்தின் பெயரால்தான் செய்தார்கள். ஆயினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஜார்ஜ் ஹபாஷ், ஹனான் அஷ்ராவி போன்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், இஸ்ரேலின் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள் என்பதையும் அந்த ஒற்றை வரி மறைத்துவிடுகிறது.

மேற்குக் கரை பற்றிய செய்திகளிலும் இந்தக் குறை உண்டு. 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய அந்தப் பகுதி, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஆஸ்லோ உடன்பாட்டின்படி, எங்கே யாருடைய கட்டுப்பாடு என்பதை வைத்து 1995இல் ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடாகச் சொல்லப்பட்டது இன்றும் நீடிக்கிறது. சுமார் 60 விழுக்காடாக உள்ள சி பகுதியில் ஒரு பாலஸ்தீன விவசாயி மாட்டுக்கொட்டகை போடுவதற்கும் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆஸ்லோ காலத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த யூதக் குடியேறிகள், கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலே இன்று சுமார் 5 லட்சம் பேர். இதை அறியாத வாசகருக்கு அங்கே வீடு இடிப்பு என்று வரும் செய்தி எப்படிப் புரியும்?

இந்தியர்களாகிய நமக்கு இது தொடர்பற்ற விஷயமும் அன்று. 1947இல் பாலஸ்தீனம் பற்றி ஐ.நா. அமைத்த பதினொரு நாடுகள் கொண்ட சிறப்புக் குழுவில் இந்தியாவும் இடம்பெற்றது. பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு எனப் பிரிப்பதற்குப் பதிலாக ஒரே கூட்டாட்சி நாடு என்ற மாற்றுத் திட்டத்தை ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து முன்வைத்தது. நவம்பர் 29 அன்று 33க்கு 13 என்ற வாக்குகளில் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியபோது, அதை எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த விவாதத்தை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, பால்ஃபர் கடிதம், 194ஆம் தீர்மானத்தின் அகதிகள் பற்றிய பத்தி, 1967 போருக்குப்பின் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் ஆகியவற்றைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள். மூன்றும் சிறியவை, ஒரே பக்கத்தில் அடங்கும். பக்கத்தில் 1947, 1949, 1967 ஆகிய ஆண்டுகளின் வரைபடங்களும், ஏ, பி, சி பகுதிகளைக் காட்டும் ஒரு வரைபடமும் இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை.