எளிய நிலை வேறு, எல்லோரும் ஆடும் நிலை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி அறைகளில் அரக்கர்களையும் பொறிகளையும் எதிர்கொண்டு முன்னேறும் நிலவறை விளையாட்டுகளை இளைஞர்கள் தாமே உருவாக்கலாம் என்று ஊக்குவித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதனுடன் தரப்பட்டிருந்த மாதிரி விதிகளையும் டர்பனிலிருந்து படித்தேன். தமிழில் இப்படியொரு முயற்சி தொடங்கியிருப்பது மிக்க மகிழ்ச்சி அளிக்கிறது. ஆயினும், பார்வைக் குறைவோ கை நடுக்கமோ உள்ளவர்களுக்கு எதிரிகளின் வலிமையைக் குறைத்த ‘எளிய நிலை’ ஒன்றை வைத்துவிட்டால் போதும் என்று அதில் இருந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அக்காள் மகனுக்குப் பதினேழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அரக்கனின் வலிமையைப் பாதியாகக் குறைப்பதால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அரக்கன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால், முழு வலிமையோடு வரட்டும் என்பான்.

சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் அவனும், கை நடுங்கும் என் மாமனாரும், வார இறுதித் தமிழ் வகுப்பு மாணவர் மூவரும் சேர்ந்து ஒரு நிலவறை விளையாட்டைச் சில ஆண்டுகளாக ஆடியும் திருத்தியும் வருகிறோம். எந்தெந்த விதி கண்ணை நம்பி நிற்கிறது என்பது, 2023ஆம் ஆண்டு மின்வெட்டு மாலைகளில்தான் எங்களுக்கே புரிந்தது. விளக்கு அணைந்ததும் கட்டம் போட்ட வரைபடம் பயனற்றுப் போயிற்று. சிவப்பு மருந்தா பச்சை மருந்தா என்று பார்வை உள்ளவர்களும் தடுமாறினார்கள். (வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு என்பதால், பகல் வெளிச்சத்திலும் இது சிலருக்கு இடர்தான்.)

ஆகவே முதலில் கட்டங்களைக் கைவிட்டோம். இப்போது எங்கள் நிலவறையில் அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் மட்டுமே உள்ளன. தொலைவை அடிக்கணக்கில் சொல்லாமல், கைக்கெட்டும் தூரம், கூப்பிடு தூரம், அம்பு எட்டும் தூரம் என்று மூன்றாக வகுத்தோம். மூன்றாவதைக் கண்ணுக்கெட்டிய தூரம் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது; அந்தப் பெயரை வைக்க மனம் வரவில்லை. ஓர் அறைக்குள் நுழைந்தால், வழிகள், அங்கே இருப்பவர்கள், கிடக்கும் பொருள்கள் என்ற வரிசையிலேயே எப்போதும் சொல்ல வேண்டும் என்பதும் விதி. வரிசை மாறாமல் இருந்தால், கேட்பவர் நினைவில் சுமக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது.

அடுத்தது பகடை. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ காலந்தொட்டு இவ்வகை ஆட்டங்களின் அடையாளமாகிவிட்ட இருபது பக்கப் பகடையில் எண்கள் மிகச் சிறியவை. விழுந்த எண்ணோடு பல எண்களைக் கூட்டவும் வேண்டும். அதே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நல்ல விதி உண்டு. சூழ்நிலை சாதகமாக இருந்தால் எண்ணைக் கூட்டாமல், பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகிறது. இந்தக் கருத்தை நாங்கள் நம்முடைய தாயக்கட்டைக்குக் கொண்டுவந்தோம். பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகள் குழிந்திருப்பதால் விரலால் தடவியே வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று அறியலாம். தாய ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பார்கள். நாங்கள் அதைச் சுழியாகவே கொண்டோம். இரண்டு கட்டைகளில் 4 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 16இல் 6. துணைக்கு ஒருவர் நின்றால் மூன்றாவது கட்டையையும் சேர்த்து உருட்டிச் சிறந்த இரண்டை எடுக்கலாம். வாய்ப்பு 64இல் 41 ஆக உயர்கிறது. இங்கே கூட்டல் என்பது ஆறைத் தாண்டுவதே இல்லை. மாமனார் கட்டைகளைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் குலுக்கி ஒரு தாம்பாளத்தில் கவிழ்ப்பார். நடுக்கம் தடையாக இருப்பதில்லை. ஒவ்வொரு வீரனுக்கும் எஞ்சியுள்ள உயிரைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளைத் தாளில் எழுதாமல், பல்லாங்குழிக் குழிகளில் புளியங்கொட்டைகளாக வைத்துத் தொட்டு எண்ணுகிறோம்.

மாமனாருக்குக் கணக்கு வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இங்கே துனி என்று வழங்கும் சீட்டாட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்று மனத்திலேயே கூட்டி இளையவர்களைத் தோற்கடிப்பவர் அவர். சீட்டுகளை விரித்துப் பிடிப்பதுதான் அவருக்கு இயலாதது.

கணினியில் உருவாக்குவோர் நொடிக்கணக்கில் அவசரப்படுத்துவதைத் தவிர்த்தாலே பலருக்கு வழி திறக்கும். 1980இல் வந்த ‘ரோக்’ விளையாட்டில், நாம் நகரும் வரை எதிரியும் காத்திருக்கும். அதனால் அதன் ஆபத்து சிறிதும் குறையவில்லை. எங்கள் ஆட்டத்திலும் ஓர் அறை கடந்தால் ஒரு பந்தம் எரிந்து தீரும். திரும்பி வரப் பந்தம் மிஞ்சுமா என்ற அச்சத்திற்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அதே ‘ரோக்’ முழுவதும் எழுத்துகளாலும் குறிகளாலும் ஆனது என்பதால் காதுக்கு எட்டிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அக்குறிகள் திரையில் நிற்கும் இடத்தில்தான் பொருள் இருக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அவற்றை வரிவரியாக ‘புள்ளி, புள்ளி, புள்ளி’ என்று வாசித்தால் அறை எங்கே, கதவு எங்கே என்று யாருக்கும் விளங்காது.

தமிழுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. சில மென்பொருள்களில் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழுவதால், உருவாக்குவோர் தமிழைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். அல்லது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவைப் பயன்படுத்துகிறார்கள். படத்தைத் திரைவாசிப்பான் சொல்லாகக் கொள்ளாது. பழைய எழுத்துருவை ஆங்கில எழுத்துக் குவியலாக உளறும். 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானே தமிழை வாசித்துக் காட்டும்போது, நாம் எழுத்தை எழுத்தாகத் தருவது ஒன்றே அதற்குப் போதும். தமிழ்ப் பேச்சு புரிந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் குரல் உதவும்.

தங்கள் இணைப்பின் மாதிரி விதிகளும் இணையப் பதிப்பில் படமாகவே இருந்தன. நானே என் அக்காள் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் அறையில் உள்ள மூன்று பெட்டிகளில் பொறி வைத்தது எது என்று கேட்டான். வரைபடத்தில் அது நிறத்தால் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. பெட்டிகளுக்கு வேறு பெயரோ அடையாளமோ இல்லை. அந்த விதிகளை ஒருங்குறி எழுத்தில் மறுபடியும் வெளியிட்டு, மூன்று பெட்டிகளுக்கும் பெயர் கொடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதை ஆடிப் பார்க்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.