துருவைக் கொன்றுவிடாதே

அன்புள்ள முகிலனுக்கு,

நீ அனுப்பிய 24 பக்க காமிக்ஸ் ஸ்கிரிப்டையும் பென்சில் படங்களையும் இரண்டு முறை படித்தேன். கட்டங்களின் ஓட்டம் நன்றாக இருக்கிறது. பேச்சு பலூன்களில் வார்த்தைகளை அளந்து போட்டிருக்கிறாய். ஒரே ஓர் இடத்தில்தான் மனசு ஒப்பவில்லை. 2, 3-ஆம் பக்கங்களிலேயே ஐந்து சில்லறை வில்லன்களைச் சாகடித்துவிட்டாய். பெரிய வில்லன் எவ்வளவு கொடூரமானவன் என்று காட்ட அது சுலபமான வழிதான். ஆனால் அந்த ஐந்து பேரில், தொட்ட இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் 'துரு' இருக்கிறான். உன் கதையிலேயே ஆகச் சிறந்த கற்பனை அவன். அவனுக்கு நீ கொடுத்தது இரண்டே இரண்டு கட்டம்.

இந்த வேலையை அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்த்தது. மார்வெல் பாத்திரங்களை அகரவரிசையில் தொகுத்த கையேட்டை 1983-இல் தொடங்கி நடத்தியவர் மார்க் குரூன்வால்ட். யார் எந்த இதழில் வந்தான், எந்த நிலையில் விடப்பட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேவைக்கு மேல் பெருகிவிட்ட வில்லன்களைக் களையெடுக்க அவர் கொண்டுவந்த கொலையாளிதான் ஸ்கர்ஜ். 1986 ஜூலை தேதியிட்ட கேப்டன் அமெரிக்கா 319-ஆம் இதழில், ஒஹாயோவில் உள்ள ஒரு பெயரில்லாத மதுக்கடையில் சில்லறை வில்லன்கள் கூடுகிறார்கள். தங்களை ஒவ்வொருவராகக் கொல்பவனை என்ன செய்வது என்று பேசத்தான் அந்தக் கூட்டமே. கடையில் ஊற்றிக் கொடுப்பவனாக வேஷம் போட்டு நிற்பது ஸ்கர்ஜ். 18 பேரைச் சுட்டுச் சாய்க்கிறான். தாமதமாக வந்ததால் வாட்டர் விசார்ட் மட்டும் தப்பினான்.

இன்று படித்தாலும் அதிரவைக்கும் இதழ் அது. அப்புறம் நடந்ததையும் பார். சுடப்பட்டவர்களில் ரிங்கர் சாகவில்லை என்று பின்னால் ஓர் எழுத்தாளர் மாற்றினார். 2009-இல் பனிஷர் கதையில், ஹூட் என்ற வில்லன் மந்திர சக்தியை வைத்து அந்தக் கூட்டத்தில் பலரை உயிரோடு எழுப்பினான். காரணம் எளிது. பழைய கணக்கு உள்ள எதிரிகள் ஒரு கும்பலாக வேண்டுமென்றால், புதிதாகப் படைத்து அறிமுகப்படுத்தப் பக்கம் போதாது. இருப்பவர்களைத்தான் தேட வேண்டும். தேடினால் எல்லாரும் பிணம்.

நாயகனுக்கே அவர்கள் தேவைப்படுவதும் உண்டு. பேஸ்ட்-பாட் பீட் என்று ஒருவன், பசை வாளியும் பசைத் துப்பாக்கியுமாகத் திரிந்தவன். 1963 ஜனவரி இதழில் வந்தது முதல் அந்தப் பெயருக்காகவே கேலிக்கு ஆளானான். 1965-இல் டிராப்ஸ்டர் என்று மாற்றிக்கொண்டும் கேலி விடவில்லை. ஆனால் 1964-இல் அவெஞ்சர்ஸ் 6-ஆம் இதழில், வேறு எதனாலும் பிரிக்க முடியாத வில்லன் ஜீமோவின் பசையில் அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழு ஒட்டிக்கொண்டபோது, அதைக் கரைக்கச் சிறையில் இருந்த இந்தப் பீட்டிடம்தான் போக வேண்டியிருந்தது. அவனை அதற்கு முந்தைய இதழிலேயே கொன்றிருந்தால் அந்தக் கதை ஏது?

சரி, இப்படிப்பட்டவனை எப்படி உருவாக்குவது? அதற்கு நான் எப்போதும் காட்டுவது ஸ்பைடர்-மேனின் எதிரி ஷாக்கரை. 1967 மார்ச், அமேசிங் ஸ்பைடர்-மேன் 46-ஆம் இதழ். ஹெர்மன் ஷுல்ட்ஸ் பெட்டகம் உடைக்கும் திருடன். சிறைப் பட்டறையில் இருந்தபோதே அதிர்வு அலை பாய்ச்சும் கைக்கருவிகளைச் செய்துகொள்கிறான். அந்த அதிர்வு எதிரியை மட்டும் தாக்காது, போட்டிருப்பவன் உடம்பையும் உலுக்கும். அதனால்தான் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைபோல் மஞ்சள் உடுப்பு. பார்த்தால் சிரிப்பு வரும், காரணம் தெரிந்ததும் மரியாதை வரும். அவனைத் தோற்கடித்த விதத்தையும் கவனி. ஸ்பைடர்-மேனுக்கு அப்போது ஒரு கையில் அடி. நேருக்கு நேர் குத்தி ஜெயிக்க முடியாது. கருவியை இயக்குவது கட்டைவிரல் என்று பார்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் வலையால் ஒட்டிவிடுகிறான். முடிந்தது கதை.

தொழில், கருவி, கருவியின் குறை, குறையால் வந்த உடுப்பு, குறையால் வந்த தோல்வி. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வில்லன் பொம்மையாகிவிடுவான். 1985-இல் வந்த ஸ்பாட் என்ற வில்லனும் இதே கட்டுமானம்தான். உடம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகளைக் கழற்றி வீசினால் ஒவ்வொன்றும் ஒரு வாசல். கோபப்படுத்தி நிறைய வீச வைத்துவிட்டால் உடம்பில் புள்ளி தீர்ந்துபோகும். வாசகன் எண்ணிப் பார்க்கக்கூடிய சக்தி அது.

கருவி உடம்பு என்றால், அவனுக்கு என்ன வேண்டும் என்பது உயிர். பணம் என்று எழுதிவிட்டு நகராதே. 1959 பிப்ரவரியில் பேட்மேன் 121-ஆம் இதழில் மிஸ்டர் ஸீரோ வந்தான். குளிரில் மட்டுமே வாழ முடிந்த திருடன். அதே கதையின் முடிவில் நீராவிக் குழாய் வெடித்து அவன் குணமாகிவிடுகிறான்! குறையைத் தீர்த்துவிட்டால் திரும்ப வர என்ன காரணம் மிஞ்சும்? 1966 பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாற்றி மீட்டது. ஆனாலும் ஐஸ் துப்பாக்கிக்காரன் என்பதற்கு மேல் அவன் வளரவில்லை. 1992 பேட்மேன் அனிமேஷன் தொடரில் பால் டினி எழுதிய ஒரே அத்தியாயத்தில், நோயால் உறைநிலையில் வைக்கப்பட்ட மனைவி நோராவைக் கொடுத்தார். அதே ஐஸ் துப்பாக்கிதான். கண்ணாடி உருண்டைக்குள் சுழலும் ஒரு நடனப் பொம்மையை அவன் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்சிக்குப் பிறகு அவனைச் சில்லறை என்று யாரும் சொல்லவில்லை.

பேட்மேனின் இன்னோர் எதிரி, குறி தவறாமல் சுடும் டெட்ஷாட் இன்னும் நீண்ட காலம் காத்திருந்தான். 1950-இல் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒரு கதையில் வந்து போனவன். 1977-இல்தான், 27 ஆண்டு கழித்து, எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் ஓவியர் மார்ஷல் ரோஜர்ஸும் சிவப்பு உடுப்பும் மணிக்கட்டுத் துப்பாக்கியும் கொடுத்து அழைத்து வந்தார்கள். 1988-இல் வந்த அவனுடைய நான்கு இதழ் தொடரில் காரணம் வந்தது: சிறுவயதில், மரக்கிளையில் இருந்து குறிபார்த்தபோது கிளை முறிந்து, குண்டு அவன் அண்ணன் மேல் பாய்ந்தது. குறி தவறாதவனின் வாழ்க்கையே தவறிய ஒரு குறியில் இருக்கிறது. 1950-இல் அவனைக் கொன்றிருந்தால் இது எதுவும் இல்லை.

இனி துருவுக்கு வருவோம். அவன் சக்தியை ஒரே வரியில் எழுதி, கீழே எல்லைகளை எழுது. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்ஸிஜனும் வேண்டும். அப்படியென்றால் அவன் கை எப்போதும் வியர்த்திருக்க வேண்டும். எண்ணெய் தடவிய இரும்பு அவனுக்குக் கஷ்டம். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றில் அவன் சக்தி செல்லாது. எவர்சில்வரில் குரோமியம் இருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் காக்கும். அதையும் முடியாது என்றே வைத்துக்கொள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை வெளியே இருந்து தொட முடியாது. காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் பழைய கட்டடம் என்றால் ஆபத்து.

வாசகர் கேட்கப்போகும் முதல் கேள்வி, ரத்தத்திலும் இரும்பு இருக்கிறதே என்பதுதான். அதற்கு இப்போதே பதில் வைத்துக்கொள். பெரியவர் ஒருவர் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். அது உலோகமாக இல்லை, புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அவன் சக்தி வெறும் உலோகத்தின் மேல் மட்டும். இதை 6-ஆம் பக்கத்துக்குள் ஒரு பலூனில் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால், அவன் ஏன் நாயகனைத் தொட்டே கொல்லவில்லை என்று கடைசிவரை உறுத்திக்கொண்டிருக்கும்.

இப்போது அவன் வாழ்க்கை தானாக வரும். சட்டைக்குக் கொட்டாங்கச்சிப் பித்தான். பெல்ட்டுக்குப் பதில் நாடா. வீட்டுக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள். சைக்கிள் ஓட்ட முடியாது. வீட்டில் அரிவாள்மனையைத் தொட அவனை யாரும் விடமாட்டார்கள். லேத் பட்டறைத் தொழிலாளியின் மகன் என்று வைத்துப்பார்: அப்பாவின் பட்டறைக்குள் ஒரு நாள்கூடக் காலெடுத்து வைக்க முடியாத பையன். அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை, உனக்கே தெரிந்திருக்கும்.

அளவு இதுதான். பக்கத்துக்கு 6 கட்டம் என்றால் 24 பக்கத்தில் 144. துருவுக்கு 25 முதல் 30 கட்டம் போதும். சக்தியை மூன்று முறை காட்டு: முதலில் சின்ன விஷயத்தில், ஒரு பூட்டு போதும், இரண்டாவது முறை நாயகன் தோற்க வேண்டும், மூன்றாவது முறை எல்லை தெரிந்து நாயகன் பிடிக்க வேண்டும். முதலிரண்டில் எல்லையைக் கண்ணில் காட்டாமல் மூன்றாவதில் திடீரென்று எடுத்தால் ஏமாற்றியதுபோல் இருக்கும். முகமூடி இல்லாமல் ஒரு கட்டமாவது கொடு, அந்தப் பித்தான்கள் தெரிகிற மாதிரி.

படத்தில் ஒரு சிக்கல். துரு என்றால் நமக்குச் செம்பழுப்பு நிறம், நீ அச்சடிப்பதோ கறுப்பு வெள்ளை. அதைப் புள்ளித் திரையால், அதாவது நிழலுக்குப் போடும் சீரான புள்ளி வரிசையால் காட்டியிருக்கிறாய். பக்கத்தைச் சுருக்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகக் கறை விழும். துருவைக் கையால், ஒழுங்கற்ற சின்னக் கீற்றுகளாக வரை. புள்ளித் திரை போட்டே ஆக வேண்டிய இடத்தில், அச்சளவுக்குச் சுருக்கிய பிறகு போடு. அவன் உருவத்தை 2 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி முழுக்கக் கறுப்பாக்கிப் பார். அப்போதும் ஆள் அடையாளம் தெரிய வேண்டும். இப்போது தெரியவில்லை. உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருக்கும் கைகள் அவனுக்கு அடையாளமாக அமையும்.

மற்ற நால்வருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை போட்டு வை. பெயர், கருவி, எல்லை, என்ன வேண்டும், எந்தப் பக்கத்தில் எந்த நிலையில் விட்டாய். கடைசி வரியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அவர்கள் 3-ஆம் பக்கத்தில் அடிபட்டு விழட்டும், ஓடட்டும், ஒருவன் பயந்து கட்சி மாறட்டும். பெரிய வில்லனின் கொடூரம் குறையாது.

துரு சாகிற கட்டத்தை அழித்துவிடு. 24-ஆம் பக்கத்தில் அவனைப் பிடித்து, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, காவல் நிலையத்துக்குக் கொண்டுவா. ஏட்டையா லாக்கப்பின் கம்பிகளைப் பார்க்கட்டும், அவன் கைகளைப் பார்க்கட்டும். "இவனை எதுக்குள்ளப்பா அடைக்கிறது?" என்று அவர் கேட்பதுதான் கடைசிக் கட்டம். அடுத்த இதழ் அங்கே தொடங்கும்.

அன்புடன்,
அண்ணன்