விநாடிக்கு 25 என்று விற்ற டேட்டா லாகர் 5 அளவீடுதான் எடுக்கிறது

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர், சென்னை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டேட்டா லாகர் தவறான அளவீடு தருவது, முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பது.

ஐயா / அம்மா,

கடந்த மார்ச் மாதம் உங்கள் இணையக் கடையில் 38,500 ரூபாய்க்கு ஒரு டேட்டா லாகர் (கார் ஓடும்போது அதன் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் அளவையும் பதிவு செய்யும் கருவி) வாங்கினேன். பில் நகலை இணைத்திருக்கிறேன்.

நான் தொழில்முறை ரேஸர் இல்லை. வருடத்துக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்ட விடும் டிராக் டேயில் என் போலோ காரை ஓட்டுகிறேன். 3.717 கிலோமீட்டர் சுற்று. 2 நிமிடம் 14 விநாடிக்குக் கீழே இறங்க முடியாமல் ஒரு வருடமாக நிற்கிறேன். எந்த வளைவில் நேரத்தை விடுகிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனுக்குத் தெரியாது. பறந்தது போலத் தோன்றிய லேப் (ஒரு முழுச் சுற்று) மெதுவாக இருக்கும். நிதானமாக ஓட்டிய லேப் வேகமாக இருக்கும். இரண்டு லேப்களின் வேக கிராஃபை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முன்பு ஃபோன் ஆப் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அது விநாடிக்கு ஒருமுறைதான் அளவெடுத்தது. 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் கார் கிட்டத்தட்ட 42 மீட்டர் போய்விடும். எங்கே பிரேக் மிதித்தேன் என்பது அதற்குள் தொலைந்துபோகும். விநாடிக்கு 25 அளவீடு என்றால் 1.7 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் உங்கள் கருவிக்கு இவ்வளவு பணம் கொடுத்தேன். காரின் கணினித் தகவலை எடுக்கும் இணைப்பான ஓபிடி போர்ட்டிலிருந்து வரும் ஆக்சிலரேட்டர் அளவும் ஜிபிஎஸ் வேகமும் ஒரே நேரக்கணக்கில் பதிவாகும் என்றும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள்.

முதல் டிராக் டே முடிந்து கிராஃபைத் திறந்தபோது, எல்லா வளைவிலும் நான் ஆக்சிலரேட்டரைத் தாமதமாக மிதிப்பதாகக் காட்டியது. அதை நம்பினேன். அடுத்த முறை வளைவின் நடுவிலேயே மிதிக்கத் தொடங்கினேன். முன்சக்கரம் இழுக்கும் கார் அது. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் முன் டயர்களுக்குப் பிடி போதாது. கார் திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போனது. அன்று முழுக்க 2.16, 2.17 என்றுதான் வந்தது. ஒருமுறை டிராக்கை விட்டுப் புல்லுக்கே போய்விட்டேன். யாருக்கும் அடியில்லை, ஆனால் முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. குறை என் காலில் இருக்கிறது என்றே அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம்தான் ஒரு நேர்கோட்டுப் பகுதியின் கிராஃபைக் கவனித்தேன். ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருப்பதாகக் கோடு காட்டும் இடத்தில் காரின் வேகம் சரசரவென்று இறங்குகிறது. அப்படி நடக்க வழியே இல்லை. எனவே காலியான ஓர் இடத்தில் இரண்டாம் கியரில் முழுக்க மிதித்துச் சட்டென்று காலை எடுத்துப் பார்த்தேன். பத்து முறை செய்தேன். பத்து முறையும் வேகம் இறங்கி ஏறக்குறைய அரை விநாடி கழித்துத்தான் ஆக்சிலரேட்டர் கோடு இறங்கியது. 150 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்பது சுமார் 21 மீட்டர், ஐந்து போலோ கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். நான் சரியான இடத்தில்தான் மிதித்திருக்கிறேன். உங்கள் கருவிதான் தாமதமாகக் காட்டியிருக்கிறது.

சந்தேகம் வந்த பிறகு எண்களையே எடுத்துப் பார்த்தேன். 0.04 விநாடிக்கு ஒரு வரி இருக்கிறது, கணக்குக்கு 25தான். ஆனால் பிரேக் பிடிக்கும் இடத்தில் 142.6 என்ற வேகம் ஐந்து வரிகளில் அப்படியே நிற்கிறது. ஆறாவது வரியில் ஒரேயடியாக 136.3. அதுவும் ஐந்து வரி. ஆக, அளவெடுப்பது விநாடிக்கு ஐந்து முறை. மீதி இருபது வரியும் பழைய எண்ணின் நகல். நண்பரின் வேறொரு கருவியை அதே காரில், அதே லேப்பில் வைத்துப் பார்த்தோம். அதில் ஒவ்வொரு வரியிலும் வேகம் மாறுகிறது. இரண்டு கோப்புகளையும் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் சேவைப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். முதலில் ஆன்டெனாவைக் கூரைமேல் ஒட்டச் சொன்னார்கள். அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. பிறகு கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தும் மாற்றமில்லை. கடைசியாக, லேப் டைம் சரியாகத்தானே வருகிறது என்று பதில் வந்தது. சரி, அது உண்மைதான், லேப் டைமில் பிழை இல்லை. ஆனால் லேப் டைம் பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன்.

மாற்றுக் கருவி எனக்கு வேண்டாம். 38,500 ரூபாயையும் இரண்டு டயர்களுக்கான செலவையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். உங்கள் விற்பனைப் பக்கத்தில் இன்றும் 25 என்றே இருக்கிறது, அதையும் திருத்த வேண்டும். புதிதாக டிராக்குக்கு வரும் பையன்கள் என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் இந்த கிராஃபை நம்பி வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதிப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

15 நாட்களில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். கருவியைப் பெட்டியோடு எடுத்து வைத்திருக்கிறேன்; ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்